டைல்ஸ் வாங்குவதற்கு முன் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்

2017 ஜூன் மாதம், ஒரு விடியற்காலை. இரவு முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. அம்மா எழுந்து, வழக்கம்போல வாசல் கதவையும் இரண்டு ஜன்னல்களையும் திறந்துவிட்டு, அடுப்பு மூட்டிவிட்டு, சாமிப் படத்துக்கு விளக்கேற்ற முன் காம்பராவுக்கு, அதாவது முன் அறைக்கு, வந்தார். "ஐயோ" என்று சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது, ஒரு கையைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார். யாரும் தண்ணீர் சிந்தவில்லை. கூரை ஒழுகவில்லை. நான் முட்டி போட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். டைல்ஸ் மேல் மெல்லிய படலமாகத் தண்ணீர், ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்பக்கம் பூத்திருக்குமே, அந்த மாதிரி. விரலால் இழுத்தால் கோடு விழுந்தது.

"தரை வேர்க்குது புள்ள" என்றார் அம்மா. மணிக்கட்டில் எலும்பு விரிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்தத் தரையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த கால்கள் இனி நல்ல தரையில் நடக்கட்டும் என்று ஆசைப்பட்டு, 2015இல் அம்மா பென்ஷனில் வந்த கையோடு கண்டிக்குப் போய் வாங்கினேன். இரண்டடிக்கு இரண்டடி, தந்த நிறம், குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. அப்பா இருந்த காலத்தில் அவரே நின்று போடவைத்த சிவப்பு சீமெந்துத் தரையின் மேல் அப்படியே ஒட்டினோம்.

எங்கள் பக்கத்தில், இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், டைல்ஸ் என்பது வெறும் அலங்காரம் இல்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக் காம்பராவில் சாணி மெழுகிய தரையில் படுத்து எழுந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். சின்னக் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்ததும், கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிள்ளை அனுப்பும் காசில் முதலில் நடக்கிற வேலை தரைதான். அதனால் "டைல்ஸ் போடாதீர்கள்" என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். போடுங்கள். ஆனால் எதை வாங்குவது என்று யோசிக்கும் முன்பு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். எங்களுக்கு அது விளங்க இரண்டு தடவை செலவு செய்ய வேண்டியிருந்தது.

வீடியோக்களிலும் கடைகளிலும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் கொழும்பையோ சென்னையையோ மனதில் வைத்துச் சொல்வது. சமதரை, வெயில், உப்புக் காற்று. அங்கே தரை குளிர்ச்சியாக இருந்தால் போதும். மலையகத்தில் கதை வேறு, அதிலும் மலையகம் ஒரே மாதிரி இல்லை. எங்கள் நாவலப்பிட்டி கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்குள்தான். மார்ச், ஏப்ரலில் பகலில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். நுவரெலியா 1,868 மீட்டர், அங்கே மார்ச்சிலும் இரவில் கம்பளி வேண்டும். எங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மலைக்கு அந்தப் பக்கம் பதுளைக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். வட்டவளைப் பக்கம் வருஷ மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். வெயிலோ குளிரோ, எல்லா இடத்துக்கும் பொதுவானது காற்றில் இருக்கும் ஈரமும், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மேடும்தான்.

மேடு என்று நான் சொல்வது, வீடு கட்டச் சரிவை வெட்டி இடம் எடுத்தபோது பின்பக்கம் மிஞ்சி நிற்கும் மண் சுவர். எங்கள் வீட்டுக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் மூன்றடிதான். மழை பெய்தால் மேலே தேயிலை மலையில் விழுகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, சரிவோடு வந்து, நம் வீட்டு அத்திவாரத்தில் முட்டும். போக வழி இல்லையென்றால் தரைக்கு அடியில்தான் தேங்கும். அங்கிருந்து, சிமினி விளக்குத் திரியில் மண்ணெண்ணெய் ஏறுவது போல, கொங்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியாக மேலே ஏறும்.

அப்பாவின் சிவப்புத் தரை இருந்த காலத்திலும் அந்த ஈரம் இருந்திருக்கிறது. அம்மாவைக் கேட்டால், மழை நாளில் பின் காம்பராவின் தரை கறுத்துத் தெரியும் என்பார். ஆனால் தரை முழுவதும் பரவலாக வெளியேறிக் காய்ந்துவிடும். நான் அதன் மேல் போர்சிலெய்ன் டைல்ஸ் ஒட்டினேன். போர்சிலெய்ன் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, அதனால் தண்ணீரை வெளியேயும் விடாது. ஈரத்துக்குக் கிடைத்த வழி இரண்டுதான்: டைல்ஸுக்கு இடையிலுள்ள கோடும், சுவர் ஓரமும். ஒரே வருஷத்தில் வெள்ளையாக இருந்த கோடுகள் பின் காம்பராவில் பழுப்பாகின. சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து, அதற்குள்ளிருந்து வெள்ளையாக உப்புப் பூத்தது. நான் சுவரைச் சுரண்டித் திரும்பப் பெயின்ட் அடித்தேன். அடுத்த மழைக்கு மறுபடி பூத்தது. அப்போதும் தரையை நான் சந்தேகப்படவில்லை.

அப்புறம் 2018 மார்ச். பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மத்தியான வெயிலில் முன் காம்பராவில் "டம்" என்று ஒரு வெடிச் சத்தம். போய்ப் பார்த்தால் நடுவில் இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூடாரம் மாதிரி எழும்பி நிற்கின்றன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அதன் அடியில் சீமெந்து ஐந்து இடத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தது: நாலு மூலை, நடுவில் ஒன்று. மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. கீழே அப்பாவின் சிவப்புத் தரை துளி சேதமில்லாமல், பாலிஷ் மினுங்கிக்கொண்டு இருந்தது. வருஷக்கணக்கில் மெழுகுப் பாலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் அம்மா தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை. அதில் எது ஒட்டும்? கொத்திச் சொரசொரப்பாக்காமல் அதன் மேல் ஒட்டியது முதல் பிழை. உருண்டை வைத்து ஒட்டியது இரண்டாவது. சுவரோரம் இடைவெளி விடாமல் இறுக்கி அடித்தது மூன்றாவது. வெயிலில் டைல்ஸ் மிகக் கொஞ்சம்தான் விரியும். ஆனால் பதினைந்தடிக் காம்பராவில் எல்லாம் சேர்ந்து தள்ளும்போது, போக இடமில்லாமல் மேலே எழும்பிவிடும். சுவரைச் சுற்றி கால் அங்குலம் விட்டிருந்தால் போதும், ஓரத்தில் ஒட்டுகிற சின்னத் துண்டு டைல்ஸ் அதை மறைத்துவிடும்.

டைல்ஸ் போட்டு முடிந்த மறுநாளே ஒரு ஐந்து ரூபாய்க் காசால் ஒவ்வொன்றையும் தட்டிப்பாருங்கள். நிறைய ஒட்டியிருந்தால் கல்லைத் தட்டுவது போலச் சத்தம் வரும். பொள்ளலாக இருந்தால் காலி டின் சத்தம். கடைசிக் காசைக் கொடுக்கும் முன் தட்டுங்கள்.

இரண்டாவது தடவை வந்த பாஸ், அதாவது மேசன், வயதானவர். நான் டைல்ஸ் பட்டியலை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "டீச்சர், பின்னுக்குப் போவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கானில், அதாவது வடிகாலில், ஒரு கம்பை விட்டார். மண்ணும் பலா இலையும் நிறைந்து, கானின் அடி கிட்டத்தட்ட எங்கள் வீட்டுத் தரை மட்டத்துக்கு வந்திருந்தது. பீலி உடைந்து கூரைத் தண்ணீரும் அதற்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. "தண்ணி போற வழி வீட்டுக்குள்ள இருக்கு. மேல எதப் போட்டாலும் நிக்காது."

அவர் சொன்னபடி, அந்த ஏப்ரல் விடுமுறையில் தரையைத் தொடவே இல்லை. கானை மட்டும் வெட்டினோம். கானின் அடி, வீட்டுத் தரைக் கொங்கிரீட்டின் அடியைவிட ஓரடியாவது தாழ்வாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. தரைக்கு மேல் மட்டத்தில் ஓடுகிற கான் மழைத் தண்ணீரை மட்டும் கொண்டுபோகும், மண்ணுக்குள் வருகிற தண்ணீரை மறிக்காது. உள்ளே சீமெந்து பூசி, பள்ளத்துப் பக்கம் சாய்வு கொடுத்து, வீட்டைத் தாண்டி வெளியே கொண்டுபோய் விட்டோம். பீலியைத் திருத்தி, கூரைத் தண்ணீருக்கு வேறு குழாய் வைத்தோம். மேட்டுக்குக் கருங்கல் அடுக்கி, இடையிடையே பைப் துண்டுகள் செருகினோம், உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியே வர. ஒன்றை மட்டும் பாஸ் கண்டிப்பாகத் தடுத்தார். கானை அகலமாக்க மேட்டின் அடியை வெட்டலாமே என்று தம்பி கேட்டான். "அடிய வெட்டினா மேல உள்ளது எறங்கும் தம்பி."

பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தோம். டைல்ஸையெல்லாம் பெயர்த்துவிட்டு, வெறும் தரையில் வாழ்ந்தோம். பார்க்க வருகிறவர்கள் "இன்னும் முடியலையா" என்று கேட்பார்கள். ஆனால் செலவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லித்தந்தது அந்த மழைக்காலம்தான்.

ஜூலையில் இந்தச் சோதனையைச் செய்தேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பொலித்தீன் துண்டு. தரையைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு பகல் ஒரு இரவு விட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம். பின் காம்பராவில் பொலித்தீனின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், தரை கறுத்திருந்தது. அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். முன் காம்பராவிலோ அடியில் ஒன்றுமில்லை, மேல்பக்கம் நனைந்திருந்தது. அது காற்றிலிருந்து விழுந்த ஈரம். ஒரே வீடு, ஒரே மழை, இரண்டு வேறு நோய். இதை மழைக்காலத்தில் செய்யுங்கள். பெப்ரவரியில் செய்தால் எந்த வீடும் தேறிவிடும்.

அம்மாவை விழுத்தியது அந்த இரண்டாவது ஈரம். 24 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதன் 85 சதவீதமாக இருந்தால், 21 பாகை அளவுக்குக் குளிர்ந்த எதன் மேலும் தண்ணீர் பூக்கத் தொடங்கும். இரவு மழையில் தரை குளிர்ந்துவிடும். காலையில் மழை விட்டதும் வெதுவெதுப்பான ஈரக் காற்று எழும்பும். ஈரமாக இருக்கிறதே, காற்றோட்டம் வரட்டும் என்று நாம் ஜன்னலைத் திறப்போம். அந்தக் காற்றுத்தான் குளிர்ந்த தரையில் பட்டுத் தண்ணீராகிறது. திறக்க வேண்டிய நேரம் காலை இல்லை, வெயில் ஏறிச் சுற்றுப்புறம் உலர்ந்த பிறகு. மழை நாளில் மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் தரை சீக்கிரம் காயும். இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். சொரசொரப்பான தரையில் இந்தப் படலம் அவ்வளவு தெரியாது, காலுக்குப் பிடி இருக்கும். பளபளக்கும் டைல்ஸில் எண்ணெய் தடவியது போலாகிவிடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பளபளப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். இதில் நான் யாரோடும் சமாதானம் பேசத் தயாராக இல்லை.

அக்காவின் கதை வேறு. அவர் இருப்பது தலவாக்கலைக்குப் பக்கம். அங்கே பிரச்சினை குளிர். காலை வைக்க முடியவில்லை என்று அத்தான் மரம் மாதிரி இருக்கும் லெமினேட் பலகை போட்டார். புதுக் கொங்கிரீட், நான்கு அங்குலம். 28 நாள் ஆகிவிட்டது, போடலாம் என்றார்கள். அந்த 28 நாள் கொங்கிரீட் பலம் பெறுவதற்கான கணக்கு, காய்வதற்கான கணக்கு இல்லை. காய்வதற்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் பொதுவாகச் சொல்வது. நான்கு அங்குலத்துக்கு நான்கு மாதம், நம் மழையில் அதற்கும் மேல். அக்கா வீட்டில் முதல் மழைக்காலத்திலேயே பலகைகளின் ஓரங்கள் அப்பளம் மாதிரி எழும்பின. லெமினேட்டின் நடுவில் இருப்பது அழுத்திய மரநார், ஈரம் குடித்து ஒருமுறை உப்பினால் திரும்ப இறங்காது. அதைக் கழற்றியபோது அடியில் கறுப்பாகப் பூஞ்சணம். அலுமாரியின் அடித்தட்டு வரைக்கும் அந்த வாடை ஏறியிருந்தது.

தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று இப்போது பிளாஸ்டிக் கலந்த பலகைகள் வருகின்றன. பலகைக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். அதற்கு அடியில் அடைபடும் ஈரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சுருட்டி விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்புக்கும் இதே கதைதான். லயத்தில் அதை வருஷத்துக்கொரு தரம் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அடியில் என்ன இருக்கும் என்று தெரியும்.

மரமே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பழைய தோட்டத் துரை பங்களாக்களில் பலகைத் தரைகள் அந்தக் காலத்திலிருந்தே நல்லபடியாகக் கிடக்கின்றன. போய்ப் பார்த்தால் விளங்கும். தரை நிலத்தை விட்டு உயரமாக இருக்கும், சுற்றுச்சுவரின் அடியில் காற்றுப் போக ஓட்டைகள் இருக்கும், உள்ளே கணப்பு எரிந்த அறையாக இருக்கும். மரம் இருக்கட்டும், அடியில் காற்று ஓட வேண்டும். நிலத்தோடு ஒட்டிய கொங்கிரீட்டில் அதே பலகையைப் போட்டால் அந்தப் பங்களாவின் அழகு வராது. அக்கா வீட்டில் கடைசியில் மங்கலான டைல்ஸ் போட்டு, கட்டிலோரம் துவைத்துக் காயப்போடக்கூடிய துணிப் பாய் விரித்தார்கள். குளிருக்கு அது போதும்.

குளியலறைக்கு ஒரு வார்த்தை. நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலமாவது சாய்வு, அடியில் தண்ணீர் புகாத பூச்சு, டைல்ஸ் சின்னது, சொரசொரப்பானது. பூச்சு போட்ட பிறகு தண்ணீர் தேக்கி ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பகுதியில் தரையில் விரிசல் விழுந்தால், அதை மறைக்கத்தான் பலர் டைல்ஸ் போடுகிறார்கள். முடி மாதிரி மெல்லியதாக அங்கங்கே இருந்தால் அது சீமெந்து சுருங்கிய விரிசல், பயமில்லை. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நீளமாக ஓடி, மழைக்கு மழை அகன்று, ஒரு விளிம்பு தாழ்ந்து, கூடவே கதவு நிலையில் சிக்கத் தொடங்கி, மேட்டில் புதிதாக ஊற்றுத் தண்ணீரோ கலங்கல் தண்ணீரோ வந்தால், அது தரைக் கோளாறு இல்லை, நிலம் நகர்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணோடு போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படிப்பட்ட விரிசலைக் கண்டால் பாஸைக் கூப்பிடாதீர்கள், கிராம சேவகரிடம் சொல்லி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். மழை விடாமல் பெய்கிற இரவென்றால் முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள்.

சரி, எங்கள் தரை. கான் வெட்டி அந்த மழைக்காலம் முடிகிற நேரம், செப்டெம்பரில் மறுபடி பொலித்தீன் ஒட்டினேன். முன் காம்பராவிலும் வாசல் பக்கத்து இஸ்தோப்பிலும் அடியில் ஈரமே இல்லை. பின் காம்பராவில் மட்டும் மேட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் வந்தது. அதனால் வீடு முழுவதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. 2019 ஜனவரியில் மழை குறைந்ததும் பின் காம்பராவை மட்டும் தோண்டி, கல் நிரப்பி இறுக்கி, மேலே மெல்லிதாக மணல் போட்டு, 1,000 கேஜ் பொலித்தீன் விரித்தோம். அதாவது கால் மில்லிமீட்டர் தடிப்பு. துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஓரடி ஏற்றி டேப் ஒட்டி, சுவரோரம் தரை மட்டத்துக்கு மேல் மடித்து விட்டோம். வேலைக்காரப் பிள்ளைகள் செருப்போடு அதன் மேல் நடந்தபோது பாஸ் கழற்றச் சொன்னார். ஒரு கல் குத்தி ஓட்டை விழுந்தாலும் ஈரத்துக்கு அது கதவு.

மேலே என்ன போடுவது என்று அம்மாவைக் கேட்டோம். முதல் தடவை நான் கேட்கவில்லை. "அப்பா போட்ட மாதிரி சிவப்பு" என்றார்.

இப்போது ஊரில் அதைப் போடத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தப் பாஸுக்குத் தெரிந்திருந்தது. முன் காம்பராவில் அப்பாவின் தரை பெரும்பாலும் நன்றாகவே இருந்ததால் பழைய மெழுகைத் தேய்த்து எடுத்து, உடைந்த ஓரங்களை மட்டும் திருத்தினார். பின் காம்பராவில் புதிதாகப் போட்டார். கீழே போட்ட சாந்து இறுகி, ஆனால் காயாமல் இருக்கும் நேரத்தில் சிவப்பு ஒக்சைட் கலந்த சீமெந்துக் குழம்பைப் பூசி, மேசன் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். சீக்கிரம் தொட்டால் தண்ணீர் மேலே வரும், பிந்தினால் பிடிக்காது. அவர் பெருவிரலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு மூன்றடிக்கு ஒரு கோடாக நூல் இழுத்துக் கீறினார். சுருங்கி வெடிப்பதானால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கட்டும் என்று. ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் தெளித்தது அம்மாவின் வேலை. குசினிக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான ஒரு அடி டைல்ஸ், இந்த முறை அடி முழுக்கச் சாந்து நிரப்பி.

சிவப்புத் தரையும் சில ஜூன் காலைகளில் வேர்க்கிறது. ஆனால் மெழுகு போடாத தரை கொஞ்சத்தைக் குடித்துக்கொள்கிறது, வழுக்குவதில்லை. அம்மா வெறுங்காலோடுதான் நடக்கிறார். பின் காம்பராச் சுவரில் உப்புப் பூப்பது நின்றுவிட்டது.

மே மாதம் முதல் பெருமழை பெய்த மறுநாள் அம்மா மம்பட்டியோடு பின்னால் போய்விடுவார். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி, இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். பலா இலைதான் அதிகம் அடைக்கிறது. வளைவில் ஒரு கை அளவு அள்ளிப் போட்டால், தேங்கி நின்ற தண்ணீர் கலங்கிச் சுழன்று, பள்ளத்துப் பக்கம் ஓடத் தொடங்கும்.